கிட்டில் வந்த மரப்படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெட்டியில் அடுக்கி வரும் மரத்துண்டுகளைக் கொண்டு பாய்மரப் படகின் மாதிரியைக் கட்டுவோரிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். சில கடிதங்கள் கட்டுமானச் சிக்கல்களைப் பற்றியவை. மற்றவை, கிட்டில் உள்ளதைவிட மேலாக என்ன செய்யலாம் என்று கேட்பவை. இரண்டாவது வகைக்கு என் அடிப்படைப் பதில் ஒன்றே: புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், ஏற்கெனவே இருப்பவற்றில் எது அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: என் படகின் அளவு விகிதம் 1:50. நடுவில் முதுகெலும்பாக ஓடும் ஏராப் பலகை 3 மில்லிமீட்டர் பிளைவுட். அதன் குறுக்கே விலா எலும்புகள்போல நிற்கும் குறுக்குத் தட்டுகள் எல்லாவற்றையும் ஒட்டிய பிறகுதான் ஏரா லேசாக ஒரு பக்கம் வளைந்திருப்பதைக் கவனித்தேன். பக்கப் பலகைகளை ஒட்டும்போது அது தானாக நேராகிவிடும் என்கிறார் நண்பர். அப்படியே தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். பக்கப் பலகைகள் எதையும் நேராக்குவதில்லை; அவை ஒட்டப்படும் நேரத்தில் சட்டகம் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவத்தையே நிரந்தரமாகப் பூட்டிவிடுகின்றன. ஏராவில் உள்ள 2 மில்லிமீட்டர் விலகல் உங்கள் விகிதத்தில் உண்மைப் படகின் 10 சென்டிமீட்டருக்குச் சமம். பாய்மரத்தை நட்டபின் பின்னாலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாது.

முதலில் வளைவை அளந்துகொள்ளுங்கள். முன்முனையிலிருந்து பின்முனை வரை ஏராவின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நூலை இறுகக் கட்டினால், எந்த இடத்தில் எவ்வளவு விலகல் என்பது தெரிந்துவிடும். பிறகு குறுக்குத் தட்டுகளுக்கு இடையே இருக்கவேண்டிய தூரத்தை வரைபடத்திலிருந்து எடுத்து, அந்த நீளத்துக்கு மரக்கட்டைகளை இரண்டிரண்டாகத் துல்லியமாக வெட்டி, ஏராவின் இரு புறமும் எதிரெதிரே செருகுங்கள். வளைவின் உட்பக்கத்தில் தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதால் அங்கே கட்டை இறுக்கமாக நுழையும். அந்த இறுக்கமே ஏராவை நேர்கோட்டுக்குத் தள்ளும். எல்லாக் கட்டைகளையும் பசையில்லாமல் செருகி, நூலோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே ஒட்ட வேண்டும். தட்டுகள் செங்கோணத்தில் நிற்காமல் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தால் இந்த முறை பலிக்காது. மூட்டுகளைப் பிரித்தே ஆகவேண்டும். பி.வி.ஏ. என்னும் வெள்ளைப் பசையானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் சில முறை தடவினால் இளகும். உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையானால் அசிட்டோன் வேண்டும்.

இன்னும் ஒட்டத் தொடங்காதவர்கள் ஏராவை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்ப்பது நல்லது. வளைந்திருந்தால் குழிந்த பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் நனைக்க வேண்டும். அந்தப் பக்கத்து இழைகள் விரிந்து பலகை நிமிரத் தொடங்கும்போது, இரண்டு தட்டையான பரப்புகளுக்கு இடையே பாரம் ஏற்றி முழுவதும் காயவிடுங்கள்.

கேள்வி: லேசரால் வெட்டிய பாகங்களின் விளிம்புகள் கருகி இருக்கின்றன. கரியை முழுவதும் நீக்க வேண்டுமா?

பதில்: வெளியே தெரியும் விளிம்புகளிலும் பசை பிடிக்கவேண்டிய விளிம்புகளிலும் நீக்குங்கள், கரியின் மேல் பூசிய பசை மரத்தைப் பிடிப்பதில்லை, கரியைத்தான் பிடிக்கிறது. ஆனால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வெட்டுகளுக்குள் உப்புத்தாளை ஓரிரு முறைக்குமேல் ஓட்டாதீர்கள். அங்கே அளவு தளர்ந்தால் தட்டு ஆடும்.

கேள்வி: பலகைகளை நீரில் ஊறவைத்து, வளைத்து, ஆணியடித்து ஒட்டச் சொல்கிறது கையேடு. அப்படியே செய்தேன். முன்முனைக்கு அருகில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிக்கட்டுப்போல நிற்கின்றன. நடுப்பகுதியிலோ, நன்றாக ஒட்டியிருந்த பலகைகளுக்கிடையே சில நாட்களில் இடைவெளி விழுந்துவிட்டது. பிழை எங்கே?

பதில்: ஒன்றல்ல, மூன்று பிழைகள். கையேடுகள் பெரும்பாலும் இந்த வேலையை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவதால் பழி உங்களுடையது மட்டுமல்ல.

முதலாவது, குறுக்குத் தட்டுகளின் விளிம்பு. அவை நேர்செங்குத்தாக வெட்டப்பட்டு வருகின்றன. முன்முனையிலும் பின்முனையிலும் பலகையோ சாய்வாக வந்து சேர்கிறது. விளிம்பைச் சரிவாகத் தேய்க்காவிட்டால் பலகை ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். வளையக்கூடிய நீண்ட மரச்சட்டத்தில் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று தட்டுகளின் மேலாவது படும்படி நீளவாக்கில் தேய்க்க வேண்டும். அவ்வப்போது ஒரு தனிப் பலகையை முன்னிருந்து பின்வரை வைத்துப் பாருங்கள்: அது ஒவ்வொரு தட்டின் முழுத் தடிமனிலும் படிந்து, எங்கும் மேடும் பள்ளமும் இல்லாமல் ஒரே வளைவாக ஓட வேண்டும். தாழ்ந்து நிற்கும் தட்டின் விளிம்பில் மெல்லிய மரச்சீவலை ஒட்டி உயர்த்தலாம். படகின் உருவ அழகில் பாதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. ஆனால் மிகுந்த அவசரம் காட்டப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டாவது, பலகையின் அகலம். படகின் வயிறு அகன்றது, முன்முனை குறுகியது. ஒரே அகலத்துப் பலகைகளை இரண்டு இடத்திலும் அடக்க முயன்றால், முன்னால் இடம் போதாமல் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும். ஒரு காகித நாடாவைக் குறுக்குத் தட்டின் வளைவைச் சுற்றி, மேல்தளத்திலிருந்து ஏரா வரையிலான நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நடுத்தட்டில் 90 மில்லிமீட்டர் வருகிறது, பலகை 5 மில்லிமீட்டர் என்றால் 18 பலகைகள் வேண்டும். முன்முனைத் தட்டில் 54 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தால் அங்கே ஒவ்வொரு பலகையும் 3 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் இவ்வாறு அளந்து, வகுத்து, பென்சிலால் குறித்துவிட்டால், ஒவ்வொரு பலகையும் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது பசைக்குப்பியைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒடுக்கும்போது பலகையின் பாதி அகலத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்ல வரம்பு. அதற்கும் கீழே போகவேண்டி வந்தால், இரண்டு பலகைகளை ஒன்றாக முடித்து எண்ணிக்கையைக் குறையுங்கள். பின்முனையின் கீழ்ப்பகுதியில் நிலைமை தலைகீழ்: அங்கே பரப்பு விரிவதால் இடையில் ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருகவேண்டி வரும்.

மூன்றாவது, தண்ணீர். நாள் முழுதும் ஊறிய பலகை அகலவாக்கில் உப்பியிருக்கும். அந்த நிலையில் பக்கத்துப் பலகையோடு நெருக்கி ஒட்டினால், காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விழுகிறது. மரத்தை இளக்குவது பெரும்பாலும் வெப்பம். இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரமும் சூடும் சேரும்போது மென்மையாகிறது. சில நிமிடங்கள் நனைத்தால் போதும். பிறகு மின்சூட்டுக்கோலிலோ சூடான உலோகக் குழாயிலோ மெல்ல வளைத்து, படகின் மேலேயே பசையில்லாமல் கிளிப்புகளால் பிடித்து, முழுக்கக் காய்ந்தபின் எடுத்து ஒட்டுங்கள். வலமும் இடமும் மாறி மாறி ஒவ்வொன்றாகப் பொருத்தினால் சட்டகம் முறுக்கிக்கொள்ளாது. ஆணிகளைப் பாதி வரை மட்டும் அடித்து, பசை காய்ந்தவுடன் பிடுங்கிவிடுங்கள்.

உங்கள் கிட் இரட்டை அடுக்குப் பலகை கொண்டது என்றால், இப்போதுள்ள பிழைகளை மரப்புட்டியால் நிரப்பித் தேய்த்து, அதன்மேல் இரண்டாம் அடுக்கை ஒட்டிவிடலாம். ஒற்றை அடுக்கானால் ஏறி நிற்கும் பலகைகளைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: வெள்ளைப் பசையா, உடனடிப் பசையா?

பதில்: சட்டகத்துக்கும் முதல் அடுக்குக்கும் வெள்ளைப் பசை, அது திருத்திக்கொள்ள நேரம் தருகிறது. உடனடிப் பசை சிறு உலோகப் பாகங்களுக்கும், பலகை நுனியை ஒரு கணத்தில் பிடித்து நிறுத்துவதற்கும் உதவும். ஆனால் அது பட்ட மரம் வார்னிஷை உறிஞ்சாமல் கறையாக நிற்கும், அதன் ஆவி பக்கத்தில் வெண்மையாகப் படியும். ஆகையால் வெளியே தெரியும் பரப்பில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: 1:50 விகிதத்தில் ஒரு பழைய பாய்மரப் படகைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிட்டில் வந்த வால்நட் மரத்துக்குப் பதிலாக விலையுயர்ந்த மரம் வாங்கிப் போட்டால் மாதிரி உயர்தரமாகுமா? அல்லது வேறு எதை மாற்றுவது பயன் தரும்?

பதில்: மரத்தைக் கடைசியில் யோசியுங்கள். முதலில் ஓர் அட்டையிலிருந்து 34 மில்லிமீட்டர் உயரமுள்ள மனித உருவத்தை வெட்டியெடுத்து மேல்தளத்தில் நிறுத்துங்கள்; 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் உங்கள் விகிதத்தில் அவ்வளவுதான் இருப்பார். அவர் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்க முடிகிறதா, சுக்கான் பிடியை அவர் கை தொடுமா, தளத்தின் திறப்புக்குள் அவர் உடல் நுழையுமா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கிட் தயாரிப்பாளர்கள் ஒரே வார்ப்பை வெவ்வேறு விகிதப் படகுகளுக்குப் பயன்படுத்துவது வழக்கம் என்பதால், இந்த அட்டை மனிதருக்குச் சற்றும் பொருந்தாத பாகங்கள் இரண்டு மூன்றாவது அகப்படும். அவற்றை மாற்றுவதே உங்கள் முதல் மேம்பாடு.

அடுத்தது ஆணிகள். பித்தளை ஆணியின் தலை ஒரு மில்லிமீட்டர் என்றால், உண்மைப் படகில் அது 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பளபளக்கும் வட்டம். தளத்தில் அவற்றை வரிசையாக அடித்து வைத்த மாதிரிகளைப் பார்க்கும்போது எனக்குக் கவசம் அணிந்த படகு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. பலகையைப் பிணைத்த இடங்களைக் காட்டியே தீரவேண்டும் என்றால் அரை மில்லிமீட்டர் துளையிட்டு, மரத்தூளும் பசையும் கலந்து நிரப்புங்கள். அருகில் வந்து பார்த்தால் மட்டும் தெரிய வேண்டும். தளப் பலகைகளின் இடைவெளிக் கோடும் இப்படித்தான். உண்மைப் படகில் அதன் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. உங்கள் மாதிரியில் அது 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கறுப்பு நூலையோ தடித்த காகிதத்தையோ இடையில் வைப்பதைவிட, ஒவ்வொரு பலகையின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலைத் தேய்த்து ஒட்டுவது மேல். முன்னிருந்து பின்வரை ஒரே பலகையாக ஓடவிடாமல் 12 முதல் 14 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் முனைகள் ஒரே நேரில் விழாதபடி மாற்றி மாற்றி அமையுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. தளத்தின் தோற்றமோ முற்றிலும் மாறிவிடும்.

இவையெல்லாம் முடிந்தபின் மரத்துக்கு வரலாம். வால்நட்டின் குறை விலையல்ல, அதன் நுண்துளைகள்; சிறு விகிதத்தில் அவை கீறல்களைப்போலப் பெரிதாகத் தெரிகின்றன. பேரி, மேப்பிள், பாக்ஸ்வுட் ஆகியவற்றின் இழை நெருக்கமானது, விளிம்பும் கூர்மையாக நிற்கும். ஆனால் படகின் உடலுக்கு வண்ணம் பூசப்போகிறீர்கள் என்றால் கிட்டில் வந்த மரமே போதும். வண்ணத்துக்கு அடியில் பாக்ஸ்வுட்டைப் புதைப்பது வீண்.

கேள்வி: பாய்மரக் கயிறுகளைக் கட்டிமுடித்தேன். மழைக்காலத்தில் சில இறுகுகின்றன, சில தொய்கின்றன. நூலில் பஞ்சு எழும்பி நிற்கிறது. கிட்டில் எல்லாக் கயிறுகளும் இரண்டே தடிமனில், ஒரே கறுப்பில் வந்தன. மாற்றுவது அவசியமா?

பதில்: மாற்றலாம் என்றல்ல, மாற்ற வேண்டும் என்றே சொல்வேன். எந்த மாற்றமும் இதைப்போல மாதிரியின் முகத்தை மாற்றுவதில்லை. பருத்தி நூல் காற்றின் ஈரத்துக்கேற்ப நீண்டு குறுகும். பாலியெஸ்டர் நூல் அப்படிச் செய்வதில்லை, அதில் பஞ்சும் குறைவு. கப்பல்களின் கயிறுகள் பெரும்பாலும் மூன்று புரிகள் சேர்த்து வலப்புறமாக முறுக்கப்பட்டவை. அதே முறையில் மூன்று மெல்லிய பாலியெஸ்டர் நூல்களை முறுக்கிச் சேர்க்கும் சிறிய கைப்பொறி ஒன்றிருந்தால் வேண்டிய தடிமன் அனைத்தையும் நீங்களே செய்துகொள்ளலாம்.

தடிமனைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை. பழைய கப்பல் அட்டவணைகள் கயிற்றைக் குறுக்களவால் சொல்வதில்லை, சுற்றளவால் சொல்கின்றன. அட்டவணையில் 15 சென்டிமீட்டர் என்றிருந்தால் அதை 3.14ஆல் வகுக்க வேண்டும்; சுமார் 4.8 சென்டிமீட்டர் குறுக்களவு கிடைக்கும், 1:50இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதைக் கவனிக்காதவர்களின் படகில் கயிறுகள் மூன்று மடங்கு பருத்துவிடும். நிறத்திலும் பிரிவு உண்டு. பாய்மரத்தை நிலையாகப் பிடித்திருக்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள். எனவே அவை ஆழ்ந்த பழுப்பு. பாயை ஏற்றவும் இறக்கவும் ஓடும் கயிறுகள் சணலின் இயல்பான வெளிர்நிறம். கறுப்பு எதற்கும் பொருந்தாது.

கட்டும்போது, பாய்மரத்தின் பக்கக் கயிறுகளை ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். வலம் ஒன்று, இடம் ஒன்று என்று மாற்றிக் கட்டினால் மரம் சாயாது. வீணைத் தந்தியைப்போல முறுக்கேற்ற வேண்டாம். தொய்வு நீங்கினால் போதும். ஏணிப்படிகளாகக் குறுக்கே கட்டப்படும் மெல்லிய கயிறுகளுக்கு 7 மில்லிமீட்டர் இடைவெளி பொருத்தமானது. உங்கள் அட்டை மனிதர் ஏறக்கூடிய தூரம் அது. முடிச்சுகளில் நீர் கலந்த வெள்ளைப் பசையை ஒரு துளி வைக்கலாம். உடனடிப் பசை வைத்தால் அந்த இடம் பளபளத்து, பிற்காலத்தில் ஒடியும். கிட்டில் வரும் கப்பிகள் சதுரமாகவும் பெரிதாகவும் இருக்கும். சிறிய அளவில் வாங்க முடியாவிட்டால், இருப்பதன் மூலைகளையாவது உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து முட்டை வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: பாய்த்துணி தடிமனாக இருக்கிறது. வேறு துணி வாங்கித் தையல் இயந்திரத்தில் தைக்கலாமா?

பதில்: துணியை மாற்றுங்கள், இயந்திரத்தைத் தவிருங்கள். 2 மில்லிமீட்டர் தையல் என்பது உண்மைப் பாயில் 10 சென்டிமீட்டர் தையல். பழைய பாய்கள் சுமார் 60 சென்டிமீட்டர் அகலத் துணிகளை இணைத்துச் செய்யப்பட்டவை. அந்த இணைப்புக் கோடுகளை 12 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கூரிய பென்சிலால் இரு புறமும் வரைந்துவிடுங்கள். விரித்த பாயைவிடச் சுருட்டிக் கட்டிய பாய் பெரும்பாலும் அழகாக அமைகிறது. அப்படிச் செய்தால் முழுத் துணியையும் சுருட்டாமல் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டிச் சுருட்டுங்கள்; இல்லாவிட்டால் பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலின் மேல் மூட்டை கட்டி வைத்ததுபோல் இருக்கும்.

கேள்வி: 1:20 விகிதத்தில் 50 சென்டிமீட்டர் நீளப் படகு ஒன்று முடியும் தறுவாயில் இருக்கிறது. கிட் காட்சிக்கானது. ஆனாலும் அதைக் குளத்தில் ஓட்டிப் பார்க்க ஆசை. நடக்குமா?

பதில்: நடக்கும், ஆனால் இப்போதுள்ள வடிவிலேயே விட்டால் முதல் காற்றிலேயே கவிழும். அதற்குக் காரணம் உங்கள் கைவேலை அல்ல, கணக்கு. படகு 20 மடங்கு சிறுக்கும்போது பாயின் பரப்பு 400 மடங்கும், படகின் எடை 8,000 மடங்கும் குறைகின்றன. படகைச் சாய்க்கும் திருப்புவிசை என்பது பாயின் மீதான விசையை அதன் உயரத்தால் பெருக்கியது. ஆகவே அது 8,000 மடங்கு குறைகிறது. நிமிர்த்தும் திருப்புவிசையோ எடையை நெம்புதூரத்தால் பெருக்கியது. அது 1,60,000 மடங்கு குறைகிறது. ஒரே காற்றில் உங்கள் மாதிரி உண்மைப் படகைவிட 20 மடங்கு எளிதில் சாயும் என்பது இதன் பொருள். வேறு வகையில் சொன்னால், வேகங்கள் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்று 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் நிறுவிய விதிப்படி, மணிக்கு 16 கிலோமீட்டர் இளங்காற்று உங்கள் படகுக்கு மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர் புயற்காற்று.

இதைச் சரிசெய்ய ஏராவுக்குக் கீழே கழற்றக்கூடிய துடுப்புத் தகடு ஒன்றும், அதன் நுனியில் ஈயக் குண்டும் வேண்டும். காட்சிக்கு வைக்கும்போது திருகைக் கழற்றி எடுத்துவிடலாம். எவ்வளவு ஈயம் என்பதற்கும் அதே கணக்கு உதவுகிறது. உண்மைப் படகு 8 டன் என்றால் மாதிரியின் மொத்த எடை ஒரு கிலோ. பாயும் கயிறும் சேர்த்துப் படகு இப்போது 500 கிராம் இருந்தால், தகடும் ஈயமும் சேர்ந்து மீதி 500 கிராம். அதற்கு மேல் போனால் நீர்க்கோடு மூழ்கும். ஈயத்தை வீட்டுக்குள் உருக்க வேண்டாம். தயாராக விற்கும் தூண்டில் எடைகளைப் பயன்படுத்தி, கையுறையோடு கையாளுங்கள்.

திசை பிடிப்பது அடுத்த சிக்கல். பாய்களின் உருவத்தையும், நீருக்குள் இருக்கும் பக்கத்தோற்றத்தையும் அட்டையில் தனித்தனியே வெட்டி, ஊசிமுனையில் நிறுத்தி அவற்றின் மையங்களைக் கண்டுபிடியுங்கள். பாயின் மையம் நீரடி மையத்துக்குச் சற்று முன்னால், நீர்க்கோட்டு நீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவு, இருக்க வேண்டும். துடுப்புத் தகட்டைச் சேர்க்கும்போது நீரடி மையமும் நகரும் என்பதால், தகட்டை எங்கே வைப்பது என்பதை இந்த அளவே தீர்மானிக்கும். காட்சிப் படகின் சுக்கான் மிகச் சிறியது. நீருக்கடியில் மட்டும் தெளிவான பிளாஸ்டிக் தகட்டால் அதை இரு மடங்காக நீட்டுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் நீர்க்காப்பு. சாதாரண வெள்ளைப் பசை நீரில் இளகும். உட்புறத்தை எட்ட முடிகிற நிலையில் இருந்தால், மெல்லிய எபாக்ஸிப் பிசினை உள்ளே ஊற்றி எல்லா மூலைகளுக்கும் ஓடவிடுங்கள். வெளியே இரண்டு பூச்சு கொடுத்து இடையில் தேய்த்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தை ஏற்கெனவே மூடிவிட்டீர்கள் என்றால், இந்தப் படகை மேசையிலேயே விட்டுவிட்டு, குளத்துக்கென்று இன்னொன்று கட்டுவதே என் யோசனை.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் கட்டிய மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நங்கூரத்திலும் சில சிறு வார்ப்புகளிலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பூஞ்சையா?

பதில்: பூஞ்சையல்ல, ஈயம் அரிக்கப்படுகிறது. ஓக் போன்ற மரங்களும் சில பலகைப் பசைகளும் அசெட்டிக் அமில ஆவியை மெல்ல வெளியிடுகின்றன. மூடிய பெட்டிக்குள் அது தேங்கி, ஈயத்தை வெள்ளை ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. அந்தப் பொடி நச்சுத்தன்மை உடையது. ஊதித் தள்ளாதீர்கள்; கையுறை அணிந்து ஈரத்துணியால் எடுத்து, துணியையும் அப்புறப்படுத்துங்கள். அரித்த வார்ப்புகளைக் காப்பாற்ற முடியாது. பித்தளையிலோ மரத்திலோ புதிதாகச் செய்து பொருத்துங்கள். பெட்டியின் அடித்தளம் ஓக் என்றால் அதை மாற்றி, அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தூசு வடிகட்டும் துணி ஒட்டிய இரண்டு காற்றுத் துளைகளையும் இட்டுவிடுங்கள்.